இறம்பொடைக் கணவாயின் ஆபத்துகள்

கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் வீதி, புசல்லாவையைக் கடந்து இறம்பொடையை அடைந்ததும், அருவிகளின் முழக்கத்தினூடே வளைந்து வளைந்து ஏறுகின்றது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டும்வரை நுவரெலியாவுக்குப் பெருவழி இதுவே. மாட்டுவண்டி ஊர்ந்த அக்காலத்தில் வண்டி சரிந்தாலும் வண்டிக்காரன் குதித்துத் தப்ப வழியுண்டு.

அன்று தோட்டத் தொழிலாளரைப் பலிகொண்டது மலைவீதியன்று. மலையை வந்தடையும் வழியே. கோப்பிக் காலத்தில் அவர்கள் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டினூடே நடந்தனர். 1864இல் ஆதிலட்சுமி என்னுங் கப்பல் தொழிலாளர் 120 பேருடன் மூழ்கியது. காட்டுவழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வீழ்ந்தோர் பலர். விபத்தோ நோயோ என்று பிரித்தெழுத அங்கே யாரிருந்தார்? 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பலும், அதனோடிணைந்த புகையிரதமும் ஓடத் தொடங்கின. 

ஆயினும் ஆபத்து நீங்கவில்லை, இடம் பெயர்ந்தது. மாட்டுவண்டி சென்ற வளைவுகளில் மோட்டார் வண்டிகள் விரைந்தன. 2025 மே 11ஆம் நாள் விடியற்பொழுதில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் வண்டியொன்று, இறம்பொடையை அடுத்த கெரண்டி எல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து, 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பள்ளம் பழையதே, வேகமும், ஒரே வண்டியில் ஏறியிருந்தோர் தொகையுமே புதியன.

மாறாத ஆபத்தும் ஒன்றுண்டு. கொழுந்து பறிப்போர் குளவிக் கொட்டுக்கு இரையாவது இன்றும் நிகழ்கின்றது.

மண்சரிவோ மனிதன் கைபட்டு வளர்ந்த ஆபத்து. கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகக் காடு அழிந்தது. மண்ணை இறுகப் பற்றிய வேர்கள் போயின. வீதிக்கும் லயத்துக்கும் சரிவின் அடி வெட்டப்பட்டது. பெருமழையில் நீர் ஊறிய மண், தன் பாரந் தாங்காது வழுக்கி இறங்குகின்றது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டன. அச்சரிவு அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் சொந்த நிலமற்ற லயத்துக் குடும்பத்திற்கு 'வெளியேறு' என்ற சொல் மட்டும் போதுமா? குடியேற ஓரிடமும் வேண்டாவா? அத்தகைய மரணத்தை விபத்து என்றழைப்பது சொல்லுக்கே இழுக்கு. 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கை முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மலைநாட்டின் சரிவுகளே பெருந்துயர்க் களங்களாயின.

சரியப்போகும் மலை பெரும்பாலும் குறி காட்டும். தரையிலும் சுவரிலும் வெடிப்பு விரியும். நேர்நின்ற மரம் சாயும். தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கும். அக்குறிகளை முதலிற் காண்போர், நாள்தோறும் அச்சரிவில் ஏறியிறங்கும் கொழுந்து பறிக்கும் பெண்களே.