எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய உணவளவு

இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டவர்கள் ஆண்டுகள் பல கடந்த பின்னும் கைக்கொள்ள வேண்டிய உணவு ஒழுங்கு இது. இவ்வகை அறுவைகளுள் ஒன்றான பைபாஸ் முறையில் அமைக்கப்படும் சிறு இரைப்பை தொடக்கத்தில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டரே கொள்ளும். சில கரண்டியிலேயே வயிறு நிறைந்துவிடும். நாளடைவில் அதன் கொள்ளளவு கூடலாம், பசியும் திரும்பலாம். எடை குறைந்த உடல் செலவிடும் ஆற்றலும் குறைவு. எனவே எடை மீண்டும் கூடுவதை மனவுறுதிக் குறைவு என்று பழிப்பது அநீதி.

சுவீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டோரின் எடை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 விழுக்காடு குறைந்தது. பத்தாம் ஆண்டில் அந்தக் குறைவு 25 விழுக்காடாக இருந்தது. ஆகவே தொட்ட மிகக் குறைந்த எடையையே நிலையான இலக்காக்குவது பொருந்தாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பதையும் சேர்த்தே பலனை அளக்க வேண்டும்.

சிறு தட்டில், மென்று, மெதுவாக உண்பது நல்லது. முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவு முதலில், சோறு பிறகு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. உணவோடு தண்ணீர் குடிப்பதில்லை. அரைமணி இடைவெளி விடுவர். ஐஸ்கிரீம், இனிப்புப் பானங்கள் நிறைவு தராமலே இறங்கிவிடுவதால் அவற்றில்தான் கவனம் மிகத் தேவை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுக்கான மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடரும்.