சுவாசப்பாதையில் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும் விதம்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

சேலையூர், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் தொடர் இருமலுக்காகச் சிகிச்சை பெறுவோர் பலர், சளிப் பரிசோதனை அறிக்கையில் பாக்டீரியாவின் பெயரைக் கண்டதும் அச்சமடைகின்றனர். கிருமி இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல. கிருமி சுவாசப்பாதையின் செல்களில் எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது என்பதை அறிந்தால் இவ்வேறுபாடு தங்களுக்கு விளங்கும்.

ஒட்டிக்கொள்ளுதல் ஏன் முக்கியம்?

மூச்சுக்குழலின் உட்புறம் சளிப்படலத்தால் மூடப்பட்டுள்ளது. அதன் அடியிலுள்ள செல்களில் குற்றிழைகள் எனப்படும் நுண்ணிய இழைகள் இடைவிடாது அசைந்து, சளியையும் அதில் சிக்கிய தூசியையும் கிருமிகளையும் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. எங்கும் ஒட்டாத கிருமி இவ்வாறே வெளியேற்றப்படும். நிலைத்துத் தங்க வேண்டுமாயின் அது செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். கக்குவான் இருமலை உண்டாக்கும் கிருமி, தன் மேற்புறப் புரதங்களால் குற்றிழைகளையே பற்றிக்கொள்கிறது.

காசநோய்க் கிருமியின் வழி வேறு. அது நுரையீரலின் காற்றுப்பைகளை அடைந்து, தன்னை விழுங்கும் பாதுகாப்புச் செல்களுக்குள்ளேயே உயிர்வாழ்கிறது. ஆகவே இங்குக் கூறப்படுபவை காசநோய்ச் சிகிச்சைக்குப் பொருந்தா.

ஆய்வகத்தில் எவ்வாறு ஆராய்கின்றனர்?

1. மனிதச் செல்கள் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கப்படுகின்றன. 1972-இல் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து பெறப்பட்ட ‘ஏ549’ வகைச் செல்கள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன.
2. அச்செல்களின் மீது எண்ணிக்கை அறிந்த பாக்டீரியாக்கள் இடப்பட்டு, உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியசில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வைக்கப்படுகின்றன.
3. உப்புக் கரைசலால் பலமுறை கழுவும்போது ஒட்டாத கிருமிகள் நீங்கிவிடுகின்றன.
4. எஞ்சியவை இரத்தம் கலந்த ஊட்டக்கூழில் வளர்க்கப்பட்டு, மறுநாள் எண்ணப்படுகின்றன.

செல்லின் மேல் ஒட்டியவை எத்தனை, உள்ளே புகுந்தவை எத்தனை என்று பிரித்தறிய ஜென்டாமைசின் மருந்து சேர்க்கப்படுகிறது. இது செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆதலின் வெளியிலுள்ள கிருமிகள் மட்டும் அழியும். பிழைத்தவை உள்ளே புகுந்தவை எனக் கொள்ளலாம்.

‘ஏ549’ செல்களில் குற்றிழைகள் இல்லை. எனவே, அடிப்புறம் ஊட்டத்திரவமும் மேற்புறம் காற்றும் படுமாறு மூச்சுக்குழல் செல்களைச் சில வாரங்கள் வளர்க்கும் முறையும் உள்ளது. அவற்றில் குற்றிழையும் சளியும் உருவாகின்றன. எனினும் அது முழு நுரையீரலுக்கு ஈடாகாது. தட்டில் கிருமி ஒட்டுவதைத் தடுத்த ஒரு பொருள், அதனாலேயே மருந்தாகிவிடாது.

இவ்வாய்வுகள் தங்களுக்குக் கூறுவது என்ன?

ஒட்டியிருப்பது மட்டும் நோயன்று. தமிழ்நாட்டின் ஊரகப் பகுதியில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், இரண்டு மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் மூக்கின் உட்பகுதியிலும், ஆறு மாதக் குழந்தைகளில் பத்தில் ஏழு பேரிடமும் நிமோகாக்கஸ் கிருமி காணப்பட்டது. அவர்கள் அனைவரும் நிமோனியா நோயாளிகள் அல்லர். அறிக்கையில் கிருமியின் பெயர் உள்ளது என்பதற்காக மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி உட்கொள்ளக் கூடாது. அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார்.

புகை கிருமிக்குத் துணை செய்கிறது. சிகரெட் புகை, விறகுப் புகை, வாகனப் புகைத்துகள் ஆகியவை படும்போது நிமோகாக்கஸ் பற்றிக்கொள்ளும் ஓர் ஏற்பி செல்களில் மிகுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. புகை, குற்றிழைகளின் இயக்கத்தையும் குன்றச் செய்கிறது. நோயாளி உள்ள வீட்டில் எவரும் புகைபிடித்தல் கூடாது. குப்பை எரித்தலையும் தவிர்த்திடுக.

இன்ஃபுளுயன்சா காய்ச்சலுக்குப் பின் கவனம் தேவை. அந்த வைரஸ் செல்களின் மேற்பரப்பைச் சிதைப்பதால் பாக்டீரியா எளிதில் ஒட்டுகிறது. காய்ச்சல் தணிந்து மீண்டும் கூடினால் தாமதியாது மருத்துவரை அணுகவும்.

தடுப்பூசி காக்கும். ஹிப் கிருமிக்கும் கக்குவானுக்கும் எதிரான பாதுகாப்பை உள்ளடக்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இது 6, 10, 14 வாரங்களில் அளிக்கப்படுகிறது. நிமோகாக்கல் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய வயதுகளில் அளிக்கப்படுகிறது. இது நோயைத் தடுப்பதோடு, கிருமி மூக்கில் குடியேறுவதையும் குறைப்பதால் வீட்டிலுள்ள முதியோருக்கும் பயன் தருகிறது. இரண்டும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செலுத்தப்படுகின்றன.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- குழந்தை அமைதியாக உள்ளபோது ஒரு நிமிடத்தில் மூச்சின் எண்ணிக்கை: 2 மாதத்திற்குட்பட்டோருக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல்
- மூச்சு இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல்
- உதடு அல்லது நாக்கு நீலமாதல்
- பால் குடிக்க இயலாமை, வலிப்பு, மயக்கம்
- முதியோருக்குத் திடீர்க் குழப்பம், மூச்சுத்திணறல், சளியில் இரத்தம்

அவசர நிலையில் 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கவும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, 1928-இல் சானடோரியமாகத் தொடங்கப்பட்டு இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இயங்கும் தாம்பரம் மருத்துவமனையையோ அணுகலாம்.