அறிதுயில்: கடல்மல்லையில் ஒரு சொல்

கடல்மல்லை என்னும் மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குடைவரைக்குள் நுழைகிறவர்கள் சிங்கத்தின் மேல் போர்புரியும் தேவியைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். எதிர்ச்சுவரையும் நின்று பார்க்க வேண்டும். ஐந்தலை நாகத்தின் மேல் திருமால் கிடக்கிறார். கால்மாட்டில் மது, கைடபன் என்ற அசுரர்கள் கதாயுதத்தோடு நிற்கிறார்கள். கீழே ஒரு பெண் கைகூப்பி மண்டியிட்டிருக்கிறாள். இத்தனை பரபரப்புக்கு நடுவிலும் கிடப்பவர் முகத்தில் சலனமே இல்லை. தூங்குகிறார், நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வடமொழி இதை யோகநித்திரை என்கிறது. தமிழில் இதற்குப் பெயர் அறிதுயில்.

இந்தச் சொல் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் பொழுது புலருமுன் புகாரை விட்டுக் கிளம்புகிறார்கள். வழியில் அவர்கள் வலம் வருவது அரவணையில் அறிதுயில் கொண்ட மணிவண்ணன் கோட்டம். அதற்கு முந்தியது கனாத்திறம் உரைத்த காதை. தன்னைக் கலங்கடித்த தீக்கனவைக் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் இடம். கனவின் பிடியில் சிக்கியவள், அடுத்த காதையிலேயே துயிலைத் தன் பிடியில் வைத்திருப்பவனைச் சுற்றி வருகிறாள். இளங்கோவடிகள் தெரிந்தேதான் இப்படி அடுக்கினார் என்று எனக்குப் படுகிறது.

இலக்கணப்படி அறிதுயில் ஒரு வினைத்தொகை, ஊறுகாயைப் போல. அறிந்த துயில், அறிகின்ற துயில், அறியும் துயில் என மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கின்றன. உறக்கத்தில் ஒரு கணமும் அறிவு அறுந்துபோவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே, அங்கேயே கிடந்த பாறையில் செதுக்கிய திருமால் இருக்கிறார். பல்லவர் காலத்தில் அந்தச் சன்னதிக்குப் பெயர் நரபதிசிம்ம பல்லவ விஷ்ணுகிருகம். முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு அவரைப் பள்ளிகொண்டருளிய தேவர் என்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய பெயர் தலசயனம். பாற்கடலை விட்டுத் தரையில் வந்து கிடப்பதால் அந்தப் பெயர். இன்றும் ஊருக்குள் இருக்கும் கோயில் தலசயனப் பெருமாள் கோயில்தான். பள்ளி, சயனம் என்ற சொற்கள் படுக்கையையும் கிடையையும் சொல்கின்றன. உள்ளே விழித்திருக்கும் அறிவைச் சொல்வது அறிதுயில் ஒன்றுதான்.

தெய்வத்துக்கு மட்டும் உரியது என்று விட்டுவைத்த அந்த நிலையின் ஒரு சாயல் மனிதருக்கும் வாய்க்கிறது. கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துவிடுகிறது. டச்சு எழுத்தாளரும் மனநல மருத்துவருமான பிரெடரிக் வான் ஈடன் 1913-இல் எழுதிய கட்டுரையால்தான் லூசிட் ட்ரீம் என்ற பெயர் நிலைத்தது. கனவு மிகுந்த உறக்கக் கட்டத்தில் உடல் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கண் தசைகளுக்கு அந்தக் கட்டு இல்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைப் பயன்படுத்திக்கொண்டார். கனவு காண்பவர், முன்பே பேசிவைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமும் உருட்டிக் காட்டினார். கருவி அதைப் பதிவு செய்தது. பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் இதே வழியில் தனியாக நிறுவினார். பறப்பது, விழுவது, தண்ணீரின் குளிர் எல்லாம் இத்தகைய கனவில் நனவைப் போலவே உறைக்கும் என்கிறார்கள் கண்டவர்கள்.

இதே தசைக்கட்டு விழித்த பிறகும் சில கணம் நீடித்தால் கதை வேறு. நெஞ்சு அழுந்தும், கை அசையாது, பக்கத்தில் யாரோ நிற்பது போலிருக்கும். நம் ஊர்களில் அதை அமுக்குவான் பேய் என்பார்கள். அதை அறிந்தபின் குடைவரையில் கால்மாட்டில் நிற்கும் அந்த இரண்டு அசுரரையும் என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

அறிதுயிலை இப்போது ஹிப்னாடிசத்துக்குக் கலைச்சொல்லாக எழுதுகிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. அங்கே வழிநடத்துவது இன்னொருவர் குரல். அறிதுயிலில் விழித்திருப்பது தன் அறிவு. அந்தச் சொல்லைக் கடல்மல்லைக்காரரிடமே விட்டுவிட்டு, அதே அச்சில் மனிதருக்கு ஒன்று வார்த்துக்கொள்ளலாம்: அறிகனவு. அதுவும் வினைத்தொகைதான். “நேற்று அறிகனவு கண்டேன்” என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கேயும் தடுக்காது.