ரெலிக்

லண்டன் டென்மார்க் தெருவின் கிட்டார் கடைகளில் அடிக்கடி காதில் விழும் சொல். புத்தம் புதிதாகச் செய்து, நாற்பது வருஷம் அடிபட்டதுபோல் தேய்த்த மின்கிட்டாருக்கு இந்தப் பெயர். நம் கடைகளில் நேற்று செய்த நகையை 'ஆன்டிக்' என்று விற்கிறோமே, அதற்குப் பங்காளி.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'ரெலிங்க்வெரே' என்றால் விட்டுச்செல்லுதல். 'ரெலிக்வியே' என்றால் எஞ்சியவை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது புனிதர்களின் எலும்பையும் உடையையும் குறித்தது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருப்பண்டம் என்பார்கள். 1995இல் ஃபெண்டர் நிறுவனம் தன் 'தேய்ந்த' கிட்டார்களுக்கு இந்தப் பெயரை வைத்தது. இப்போது வினையாகவும் ஆகிவிட்டது: கிட்டாரை 'ரெலிக் பண்ணுகிறார்கள்'.

பண்ணுவது எப்படி? நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் குளிரவைத்துச் சட்டென்று சூடாக்கினால் மயிரிழை வெடிப்புகள் விழும். முன்கை உரசும் இடத்தில் உப்புத்தாள். திருகாணிகளுக்கு வினிகர்த் துரு. கடைசியில் சாவிக்கொத்தால் நாலு அடி. எதுவும் மிச்சமாக நின்றதல்ல, எல்லாம் சேர்த்தது. சொல்லின் பொருளே தலைகீழ்.

அசல் திருப்பண்டமும் உண்டு. அயர்லாந்துக் கிட்டார் கலைஞர் ரோரி கல்லஹரின் 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் பெரும்பகுதிப் பூச்சு அவர் வாசித்து வாசித்தே போனது. 2024 அக்டோபரில் லண்டன் போனாம்ஸ் ஏலத்தில் அது 8,89,400 பவுண்டுக்குப் போனது. அந்தத் தேய்மானத்தையும் அப்படியே நகலெடுத்து ஃபெண்டர் விற்றிருக்கிறது.