பாலைவனத்தில் ஓர் இருப்புப் பாதை: ஹிஜாஸ் ரயிலின் வரலாறு

சில மணி நேர விமானப் பயணத்தில் ஜித்தா சென்று இறங்கும் இக்காலத்தில், திமஷ்கு (டமாஸ்கஸ்) நகரிலிருந்து மதீனா முனவ்வரா செல்ல நம் முன்னோர் காலத்து ஹாஜிகளுக்கு ஏறத்தாழ 40 நாட்கள் பிடித்தன என்பதை எண்ணிப் பார்ப்பதே கடினம். ஒட்டகக் காஃபிலாக்கள் கோட்டைக்குக் கோட்டை, தண்ணீர்த் தொட்டிக்குத் தொட்டி என்று நகர்ந்தன. வெயிலும் தாகமும் காலராவும் பலரை வழியிலேயே அடக்கம் செய்ய வைத்தன. ஒட்டகங்களை வாடகைக்குத் தந்தவர்களும், தத்தம் எல்லைக்குள் காஃபிலாவைத் தாக்காதிருப்பதற்காக அரசிடம் ஆண்டுதோறும் பணம் பெற்றவர்களும் அப்பாலைவனத்துப் பதவிக் கோத்திரத்தார் ஆவர்.

1900-ஆம் ஆண்டு உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், திமஷ்கிலிருந்து மதீனாவுக்கும், அங்கிருந்து மக்காவுக்கும் இருப்புப் பாதை அமைக்கக் கட்டளையிட்டார். ஐரோப்பிய வங்கிகளின் கடனில் மூழ்கியிருந்த அரசு, இந்தப் பாதைக்கு மட்டும் அந்நியக் கடன் வாங்குவதில்லை என்று உறுதி பூண்டது. சுல்தான் தம் பங்கை முதலில் கொடுத்தார். அரசு ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. தனி முத்திரைத் தலைகள் விற்கப்பட்டன. நன்கொடையாளர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஹஜ்ஜுப் பெருநாளில் அறுக்கப்படும் குர்பானிப் பிராணிகளின் தோல் விற்ற பணமும் இந்நிதியில் சேர்ந்தது. தோல் வசூலின் அருமையை நம் ஜமாஅத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

நம் நாட்டு முஸ்லிம்களும் பணம் அனுப்பினர். பஞ்சாபைச் சேர்ந்த பத்திரிகையாளர் முஹம்மத் இன்ஷாஅல்லாஹ் இதற்காகப் பெரிதும் பாடுபட்டார். வெளிநாடுகளிலிருந்து வந்ததைவிடப் பேரரசின் உள்ளேயே திரண்ட தொகைதான் அதிகம் என்பது உண்மையே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய ஹாஜிகள் பம்பாயிலிருந்து கப்பலேறி ஜித்தாவில் இறங்கியவர்கள். திமஷ்கு ரயிலால் அவர்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை. தாம் ஏறப்போகாத வண்டிக்கு அவர்கள் கொடுத்தார்கள்.

வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் உஸ்மானியப் படைவீரர்கள். ஜெர்மானியரான மெய்ஸ்னர் தலைமைப் பொறியாளராக இருந்தார். தண்டவாளங்களின் இடைவெளி 1,050 மில்லிமீட்டர். கற்களுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். பாதை முன்னேற முன்னேற, குடிநீரையும் இயந்திரத்துக்கு வேண்டிய நீரையும் பின்னாலிருந்து வண்டிகளில் ஏற்றி வர வேண்டியதாயிற்று. நோயில் மாண்ட வீரர்கள் பலர். 1904-இல் மஆன், 1906-இல் தபூக், 1907-இல் மதாயின் ஸாலிஹ், அல்உலா என்று பாதை வளர்ந்தது. முஸ்லிமல்லாதோர் செல்லலாகாத கடைசிப் பகுதியை முக்தார் பே தலைமையில் முஸ்லிம் பொறியாளர்களே முடித்தனர். 1908-இல் முதல் ரயில் மதீனாவை அடைந்தது. தொலைவு சுமார் 1,300 கிலோமீட்டர். பயண நேரம் ஏறத்தாழ மூன்று நாட்கள்.

பாதை அதற்கு மேல் மக்கா செல்லவே இல்லை. ஒட்டக வாடகையை இழந்த கோத்திரத்தார் 1908-லேயே மதீனாவுக்கு அருகில் வேலையாட்களைத் தாக்கினர். மக்காவின் ஷரீஃபும் இதனை விரும்பவில்லை. அவர்களை வெறும் கொள்ளையர் என்று எழுதிவிடுவது எளிது. தலைமுறை தலைமுறையாக அந்த வழியால் பிழைத்தவர்களுக்கு மாற்று வாழ்வு காட்டாமல் தண்டவாளம் போட்டதே முதற்பிழை என்பது என் கருத்து. தவிர, சுல்தானுக்கு இப்பாதை ஹாஜிகளுக்காக மட்டுமன்று. ஹிஜாஸுக்கு விரைவாகப் படை அனுப்பவும்தான். அதை அந்த மக்கள் அறியாதவர்கள் அல்லர்.

1916 ஜூனில் ஷரீஃப் ஹுஸைனின் கிளர்ச்சி வெடித்தது. பாலங்களும் தண்டவாளங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. திரைப்படத்தின் புண்ணியத்தால் பெயரெல்லாம் ஆங்கிலேயர் லாரன்ஸுக்கே போய்ச் சேர்ந்தது. உடன் நின்ற கோத்திரத்தாரின் பழைய கோபத்தை யாரும் பேசுவதில்லை. மதீனாவைக் காத்து நின்ற ஃபக்ரீ பாஷா, நபி (ஸல்) அவர்களின் புனித அறையில் இருந்த அரும்பொருள்களை 1917-இல் ரயிலேற்றி இஸ்தான்பூலுக்கு அனுப்பினார். மதீனாவின் குடிமக்களும் அதே ரயிலில் ஊரைவிட்டு அனுப்பப்பட்டனர். ஹாஜிகளைக் கொண்டுவர அமைத்த வண்டி, மதீனாவாசிகளை வெளியே கொண்டு போயிற்று. 1919 ஜனவரியில்தான் நகரம் சரணடைந்தது.

போருக்குப் பின் பாதை பல நாடுகளிடையே துண்டாகிப் போனது. முஸ்லிம்களின் பொதுப்பணத்தில் ஆன சொத்து, ஆகவே இது வக்ஃபு என்ற வாதம் 1923-இல் லோசான் மாநாடு வரை சென்றது. 1960-களில் தொடங்கிய சீரமைப்பு வேலை 1967 போரோடு நின்றது. மதீனா ரயில் நிலையம் அருங்காட்சியகமாயிற்று. 1900-இல் திட்டமிட்டுக் கைவிடப்பட்ட மதீனா – மக்கா ரயில், 2018-இல்தான் ஜித்தா வழியாக ஓடத் தொடங்கியது: சுமார் 450 கிலோமீட்டர், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். இம்முறை ஏறுபவர்களில் நம் நாட்டு ஹாஜிகளும் உண்டு.