முடிச்சும் நிரலும்

சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் இராப்பலகை என்றொரு கருவி இருந்தது. சிறியதொரு மரப்பலகை, அதன் நடுவே கோத்த கயிறு. கயிற்றைப் பல்லிடையே பற்றி, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ மீனிலும் பொருத்துவர். துருவ மீனின் உயரம் ஏறக்குறைய அவ்விடத்தின் அட்சரேகையே ஆதலின், துறைக்கொரு முடிச்சு. காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் 1850இல் இக்கரை மாலுமிகளின் உத்திகளைக் குறித்து எழுதிவைத்தார். கையடக்கப் பொறிகளுக்கு விண்மீன்வழிக் கடற்பயண நிரல் எழுதிய வரலாற்றை அந்த முடிச்சிலிருந்து தொடங்குவதே முறை என்பேன். கரையில் கண்டறிந்ததைச் சுருக்கிக் கடலில் ஒருவர் கையில் கொடுப்பதே இரண்டின் வேலையும்.

முடிச்சு வடக்கு தெற்கை மட்டுமே சொல்லும். கிழக்கு மேற்கும் வேண்டுமெனில் கணக்கு பெருகும். நெவில் மாஸ்கலின் 1767ஆம் ஆண்டுக்கென முதன்முதலாகத் தொகுத்த பிரிட்டானியக் கடற்பஞ்சாங்கத்துக்குக் கணக்கிட்டோர், தத்தம் வீடுகளில் அமர்ந்திருந்த மனிதர்கள். ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் அன்று அவர்களையே குறித்தது. லட்லோ நகரத்து மேரி எட்வர்ட்ஸ் அவர்களுள் ஒருவர். கணவர் பெயரில் சென்ற கணக்குகள் இவருடைய உழைப்பே என்பது, 1784இல் கணவர் மறைந்த பின்னரே வெளிப்பட்டது.

1875இல் பிரெஞ்சுக் கடற்படையின் மார்க் சேன்ட் இலேர் தந்த முறை கவிஞர்க்கும் உவப்பளிக்கும். கப்பல் இருக்கும் இடத்தை முதலில் ஊகிக்க வேண்டும். அங்கிருந்து விண்மீன் எவ்வளவு உயரத்தில் தெரிய வேண்டும் எனக் கணக்கிட்டு, கோணமானியில் கண்ட உயரத்தோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு ஒரு கலை எனில் ஊகம் ஒரு கடல்மைல் பிழைத்தது. பிழையை அளந்தே இடமறியும் இம்முறைக்கு மாலுமிகள் தடித்த அட்டவணை நூல்களைச் சுமந்தனர்.

அச்சுமை 1974இல் உள்ளங்கைக்குள் அடங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் வெளியிட்ட எச்.பி.-65 கணிப்பான், விரல் நீளக் காந்த அட்டையிலிருந்து நிரலைப் படித்தது. கடற்பயணத்துக்கென்றே அட்டைத் தொகுதியும் வந்தது. ஆனால் நினைவகத்தில் இடம் நூறு கட்டளைகளுக்கே. கோள முக்கோணத்தை நூறு படிக்குள் அடக்குவது, ஏழு சீரில் குறள் முடிப்பதற்கு ஒப்பான பயிற்சி. ஒரு படி மிகுந்தாலும் வேறெங்கோ ஒன்றை வெட்டியாக வேண்டும்.

விண்மீன்கள் இதில் எளியவை. ஞாயிறும் அடங்கும். பாவலர்க்கு இனிய திங்களே நிரலாளரைப் படுத்தும் பாடு பெரிது. ஞாயிற்றின் ஈர்ப்பால் அதன் ஓட்டம் ஓயாது பிறழ்வதால், உறுப்புக்குமேல் உறுப்பாகத் திருத்தம் நீளும். அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் 1977இல் கணிப்பொறிக்கெனத் தனிப் பஞ்சாங்கம் வெளியிட்டு, நீண்ட அட்டவணைகளைப் பல்லுறுப்புக் கோவைகளின் குணகங்களாகச் சுருக்கியது. 1996இல் வந்த பாம் பைலட் முதல் இன்றைய கைப்பேசி வரை இடநெருக்கடி தளர்ந்தது; குறள் காவியமாக நீளலாம் என்றாயிற்று.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. முடிச்சு பிழையெனில் அவிழ்த்து மீண்டும் கட்டலாம். நிரலின் பிழை மாலுமியின் கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் வழிகாட்டலை நம்பி விண்மீன் பாடத்தைக் கைவிட்டிருந்த அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகம், 2015இல் அதை மீண்டும் கற்பிக்கத் தொடங்கிற்று. மின்னணுத் தாக்குதல் அச்சம் அதற்கொரு காரணம்.

எந்த நிரலும் தர இயலாதது தொடுவானம். பகலில் விண்மீன் இல்லை. நள்ளிருளில் தொடுவானம் இல்லை. இரண்டும் ஒருங்கே தெரிவது அந்தியிலும் விடியலிலும் சில நிமிடங்களே. எந்த மீன் எத்திசையில் எழும் எனத் திரை முன்னரே சொல்லிவிடும். மாலுமி மேல்தளத்தில் கோணமானியோடு அந்தச் சிறுபொழுதுக்காக நிற்கிறான்.