தண்ணி வந்தா, தண்ணி வராட்டி: அப்பாவின் வேலை நோட்டு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருக்கும் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் அண்ணன் மகன் வந்திருந்தான். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டான். குத்தகைக்கு விட்டிருந்த எங்கள் அரை வேலி நிலத்தைத் திரும்ப வாங்கி, தானே சாகுபடி செய்யப் போகிறான். அரை வேலி என்றால் பத்து மா, மூன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். அதோடு வீட்டுக் கொல்லை, ஒரு குட்டை, கொஞ்சம் தென்னை. மடிக்கணினியைத் திறந்து, "சித்தப்பா, ஒரு வருஷத்துக்கு வேலைத் திட்டம் போட்டிருக்கேன், பாருங்க" என்றான்.

அழகாகத்தான் போட்டிருந்தான். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, அப்புறம் குறுவை, அப்புறம் தாளடி. பிப்ரவரிக்குப் பிறகு ஜூன் வரை கட்டங்கள் எல்லாம் காலி.

"தண்ணி வரலைன்னா?" என்று கேட்டேன்.

"இந்த வருஷம் வந்துடும் சித்தப்பா" என்றான்.

இதே பதிலை ஒரு காலத்தில் நானும் சொன்னவன். அதற்கு நான் கொடுத்த விலையை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஆனால் சரித்திர வாத்தியார் ஆயிற்றே, கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும்.

என் அப்பா பிறந்தது 1922. மேட்டூர் அணை திறந்தபோது அவருக்கு 12 வயது. அதனால் அணைக்கு முந்தைய விவசாயத்தைக் கண்ணால் பார்த்தவர். அப்போது காவிரிக்குத் தேதி கிடையாது. குடகு மலையில் மழை பிடித்தால் ஆற்றில் தண்ணீர், பிடிக்காவிட்டால் மணல். கரிகாலன் கட்டிய கல்லணையும், 1836ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையும் தண்ணீரைத் திருப்பிவிடும் அணைகள். தேக்கி வைப்பவை அல்ல. வந்த வெள்ளத்தைப் பங்கிடலாம், நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. 1924ல் பெருவெள்ளம் வந்து கரைகளை உடைத்ததைப் பெரியவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடை. எங்களுக்கு ஒருபோகம், அதாவது சம்பா மட்டும்தான். ஒரு போக நெல்லை நம்பி வருஷம் முழுவதும் சாப்பிட முடியாது. அதனால் வீட்டுக்கு வீடு மாடு, கொல்லையில் காய்கறி, குட்டையில் மீன், தையில் உளுந்து, பயறு. இதெல்லாம் பொழுதுபோக்கு இல்லை, ஆற்றை முழுசாக நம்ப முடியாதவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு.

1925ல் மேட்டூர் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21ல் திறந்தார்கள். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் வைத்தார்கள். 120 அடி உயரம் தண்ணீர் நின்றால் 93.47 டிஎம்சி. ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது என்று ஒரு முறை ஏற்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 230 நாள். காவிரிக்கு முதல்முதலாக ஒரு தேதி கிடைத்தது.

தேதி கிடைத்ததும் குறுவை விரிந்தது. 1960ல் தஞ்சை மாவட்டத்தைத் தீவிர சாகுபடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் அதுவும் ஒன்று. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 வந்தது. சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும், இது மூன்றரை மாதத்தில் அறுவடை. ஆனியில் நாற்று விட்டு, ஐப்பசி மழை வலுப்பதற்குள் அறுத்துவிட்டு, அதே வயலில் தாளடி நடலாம். ஒருபோகக்காரர்கள் இருபோகக்காரர்கள் ஆனார்கள். நான் படித்ததே குறுவை நெல் விற்ற பணத்தில்தான். அந்த நன்றியை மறக்க முடியாது.

அப்பா மட்டும் பழசை விடவில்லை. 1952 நவம்பர் 30ல் நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த புயலில் எங்கள் சம்பா முழுக்கப் படுத்துவிட்டது. அதற்கு அடுத்த சித்திரையில் ஒரு நோட்டு போட்டார். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பக்கம் 'தண்ணி வந்தா', வலது பக்கம் 'தண்ணி வராட்டி'. அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

ஆனி மாதப் பக்கத்தில், இடப்பக்கம்: 'நாற்றங்கால் சேறு அடி, விதை ஊறப்போடு, மடைக்கு ஆள் சொல்.' வலப்பக்கம்: 'விதையைத் தொடாதே. கிடை இன்னும் பத்து நாள் போடு. குட்டை வண்டல் அடி.' கிடை என்றால் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கோடையில் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு நம் பக்கம் வருவார்கள். இரவில் மந்தையை நம் வயலில் மடக்கிப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே உரமாகும்.

ஆவணியில் வலப்பக்கம்: 'மழை விழுந்தால் புழுதியில் சம்பா தெளி.' அதாவது நாற்று விட்டு நடாமல், காய்ந்த உழவிலேயே விதையைத் தெளித்து, மழையில் முளைக்கவிடுவது. கடைமடைக்காரர்களின் பழைய வித்தை.

சில வேலைகளை மட்டும் கோட்டைத் தாண்டி, பக்கம் முழுக்க நீளமாக எழுதியிருப்பார். சித்திரையில் கோடை உழவு. வைகாசியில் வாய்க்கால் வெட்டு. ஆடியில் கொல்லையில் கத்தரி, அவரை, பூசணி, புடல். கார்த்திகையில் வடிகாலில் அடைப்பு எடுப்பது. தையில் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்பது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும், பங்குனியில் உளுந்து வீட்டுக்கு வந்துவிடும். பங்குனி, சித்திரையில் குட்டை வற்றும்போது மீன். பன்னிரண்டு மாதமும் மாடு. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் செய்யவேண்டிய வேலைகள் இவை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 230 நாள் போக மீதி 135 நாள் நமக்குத்தான் ஓய்வு. கூலிக்கு வருகிறவர்களுக்கு அது பட்டினிக் காலம். 1952ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து கூலியை வரையறுத்தது, ஆனால் வேலை இல்லாத மாதத்துக்கு எந்தச் சட்டம் கூலி தரும்? வண்டல் அடிப்பது, வரப்பு போடுவது, கூரை வேய்வது, உளுந்து பறிப்பது எல்லாம் அவர்கள் வீட்டு அடுப்பும் எரிவதற்கான வேலைகள். அப்பா பெரிய தர்மவான் என்று சொல்லவில்லை. அவரும் மரக்காலை அழுத்தி அளக்காத மனிதர்தான். ஆனால் அவர் திட்டத்தில் காலி மாதம் இல்லை.

இப்போது என் கதை. 1997ல் அப்பா நிர்வாகத்தை என்னிடம் விட்டார். ஊருக்கு டிராக்டர் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போய்வந்து மாடு பார்க்க எனக்கு நேரமில்லை. உழவு மாட்டு ஜோடியை விற்றேன், பின்னாலேயே கறவையையும் விற்றேன். குட்டையைத் தூர்த்தால் இன்னும் கொஞ்சம் நெல் நடலாமே என்று தூர்த்தேன். உளுந்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அதையும் விட்டேன். கோட்டைத் தாண்டி எழுதிய வேலைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நானே அழித்தேன். அப்பா, "உன் இஷ்டம்" என்றதோடு சரி.

2002ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. "எப்படியும் வந்துடும்" என்று பக்கத்து பம்புசெட்டில் தண்ணீர் வாங்கிக் குறுவை நாற்று விட்டேன். இருபத்தைந்து நாளில் பறித்து நடவேண்டிய நாற்று. ஜூன் போனது, ஜூலை போனது, நாற்று முற்றியது. மேட்டூரைத் திறந்தது செப்டம்பரில். நாற்றை மேய்க்க வீட்டில் ஒரு மாடுகூட இல்லை. அடுத்த வீட்டு மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னேன். 80 வயது அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, தப்பித்தேன். இல்லாதவர்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனார்கள். அந்த ஆண்டு என் பத்தாம் வகுப்பில் நான்கு பேர் பாதியில் நின்றார்கள். வருகைப் பதிவேட்டில் அந்த நான்கு பெயருக்கும் சிவப்பு மையால் கோடு போட்டது நான்தான். அவர்களில் ஒருவன் இதைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, உன் அப்பா என் வயலில்தான் வேலை பார்த்தார். குட்டையும் உளுந்தும் மாடும் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நான் நாலு மாத வேலையாவது கொடுத்திருக்கலாம். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

அந்த ஆவணியில் அப்பா நோட்டை எடுத்துவந்து, ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். புழுதியில் சம்பா தெளித்தோம். பாதி விளைச்சல்தான் வந்தது. தையில் உளுந்தும் தெளித்தோம், அது கைகொடுத்தது. 2004 கோடையில் குட்டையைத் திரும்ப வெட்டினேன். அடுத்த வருஷம் அப்பா காலமானார்.

அதற்குப் பிறகும் பார்த்துவிட்டோம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12ல் மேட்டூர் திறக்கவில்லை. 2012ல் செப்டம்பர் 17, 2017ல் அக்டோபர் 2. பிறகு 2022ல் மே 24லேயே திறந்தார்கள், 2024ல் ஜூலை 28. அணை கட்டிய நாளிலிருந்து பார்த்தாலும் ஜூன் 12ல் திறந்த வருஷங்களைவிடத் தள்ளித் திறந்த வருஷங்களே அதிகம். தென்னை இருக்கிறதே என்றும் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பதினெட்டு மரத்தில் பதினொன்று சாய்ந்தது. எந்த ஒன்றும் தனியாகக் காப்பாற்றாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அண்ணன் மகனிடம் நோட்டைக் கொடுத்தேன். இரவு வெகுநேரம் படித்தான். காலையில், "சித்தப்பா, ரெண்டு கறவை மாடு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். மடிக்கணினியில் ஒவ்வொரு மாதத்தையும் இரண்டாகப் பிரித்திருந்தான். மாசி முதல் வைகாசி வரை இருந்த காலிக் கட்டங்களில் உளுந்து, மீன், வண்டல், கிடை. பக்கத்தில் எத்தனை ஆள், எத்தனை நாள், என்ன கூலி என்றும் எழுதியிருந்தான். அந்தக் கணக்கு அப்பாவின் நோட்டில்கூட இல்லை.

கீதாரி யாரிடம் சொல்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் தாத்தா, அப்பா எழுதிய இப்படி ஏதாவது நோட்டு பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்தையாவது படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.